அப்பாவின் ஹெரால்டு: தொழிற்சாலை வண்ணமா, அப்பா பூசிய வண்ணமா?

ஒட்டுப்பசை, கோயம்புத்தூர்:

பதினெட்டு ஆண்டுகளாக பிளாஸ்டிக் விமான மாதிரிகளைக் கட்டி வருகிறேன். முதலில் 1/72 அளவில் (அசல் விமானத்தின் 72-இல் ஒரு பங்கு) மட்டும் கட்டினேன். வெள்ளெழுத்து வந்தபின் 1/48-க்கு மாறிவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மேசைதான் என் பட்டறை. அதற்கு நேர் எதிரே, வீட்டுக் கொட்டகையில், என் தந்தையார் 1966-இல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு 2009 முதல் ஓடாமல் நிற்கிறது. தந்தையார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காரை விற்க அம்மாவுக்கும் மனமில்லை, எனக்கும் மனமில்லை. ஆகவே அதை ஓட வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என் குழப்பம் வண்ணத்தைப் பற்றியது. 1983-இல், அக்காவின் திருமணத்துக்கு முன்பு, தந்தையார் அந்தக் காருக்கு வெண்ணெய் நிறம் பூசினார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது வெண்ணெய் நிறக் கார்தான். ஆனால் வாங்கும்போது வெளிர்நீலமாக இருந்தது என்று அம்மா சொல்கிறார். அக்காலத்து ஒளிப்படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருப்பதால் அவற்றைப் பார்த்தும் பயனில்லை.

மாதிரி கட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இந்திய விமானப்படையின் போர்விமானமான மிக்-21எஃப்எல் ஒன்றைக் கட்ட உட்கார்ந்தால், அது எந்த நாளின் விமானம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்கிறோம். 1971 போருக்கு முந்தைய மிக் என்றால் வெறும் உலோகப் பளபளப்பு. போர்க்கால மிக் என்றால் அந்தப் பளபளப்பின் மேல் அவசரத்தில் பூசப்பட்ட பச்சை. விமானம் ஒன்றுதான், நாள்தான் வேறு. நாளை முடிவு செய்துவிட்டால் வண்ணம், எண், அழுக்கு எல்லாம் தாமாகவே முடிவாகிவிடும். காருக்கு அந்த நாளை என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. 1966-ஆ, 1983-ஆ? ஏர்பிரஷ் (வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் சிறு கருவி) பிடித்துப் பழகிய கைக்குக் காரின் வண்ண வேலை எட்டுமா என்பதையும், பதிவு தொடர்பாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய சாவி, மதுரை:

வண்ணத்தைக் கடைசியில் பேசலாம். என்னிடமும் ஒரு ஹெரால்டு இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். முதலில் முன் சக்கரங்களைப் பாருங்கள்.

ஹெரால்டின் முன் சஸ்பென்ஷனில் வெர்ட்டிக்கல் லிங்க் என்னும் எஃகுத் துண்டின் கீழ்முனை, மரையாக வெட்டப்பட்டு, ட்ரன்னியன் என்னும் பித்தளைக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு கிரீஸ் ஆகாது, இபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் கார் வாங்கிய புதிதில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டபோது, வழக்கம்போல கிரீஸ் செலுத்தும் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் கிரீஸை அழுத்திக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கும் விவரம் தெரியாது. கிரீஸ் அடிமரை வரை இறங்காமல் மேலேயே இறுகிவிட்டது. கீழே நீர் புகுந்து துருப்பிடித்தது. ஒரு நாள் காலையில் வீட்டு வாசலை விட்டு வெளியே திருப்புகிறேன், பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது, 'டக்' என்று ஓர் ஓசை. இடது முன் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து, கார் முழங்காலிட்ட மாடுபோல உட்கார்ந்துவிட்டது. அதே முறிவு மேலூர்ச் சாலையில் எழுபதில் போகும்போது நேர்ந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்தது பெட்ரோல். நீங்கள் கடைசியாகக் காரை ஓட்டிய 2009-ஆம் ஆண்டின் பெட்ரோல் வேறு, இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், வேறு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊதிப் பெருக்கி இளக வைத்துவிடும். பெட்ரோல் பம்பின் டயாபிரம், குழாய்கள், கார்பரேட்டர் கேஸ்கெட்டுகள் ஆகிய அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். டேங்கை இறக்கிக் கழுவாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். எஞ்சின் ஹெட்டை எப்படியும் கழற்றுவீர்கள்; அப்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட்டுகளை (வால்வு மூடும்போது அமரும் வளையங்களை) பொருத்திவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம்தான் வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாக வெட்டப்பட்ட வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்துவந்தது.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நான்கும் டிரம், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பேட்டரியை இணைப்பதற்கு முன்பு எந்த முனை பாடியுடன் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த்தாக இருக்கும்.

வட்ட முத்திரை, சென்னை:

பதிவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தந்தையார் பெயரில் இருப்பதால் முதலில் படிவம் 31 வழியாக உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் இசைவும் தேவைப்படும். அதன்பின் உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. பதினைந்து ஆண்டு கடந்த கார்களைப் போலத் தகுதி ஆய்வுக்குக் கொண்டுபோய், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுவது ஒன்று. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் பிரிவில் பதிவு செய்வது மற்றொன்று.

முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு உரியது இந்தப் பிரிவு. புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் வி.ஏ. என்னும் எழுத்துகள் கொண்ட எண் தரப்படுகிறது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரை கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அம்மாவை வெள்ளிக்கிழமைதோறும் மருதமலைக்கு அழைத்துப் போக விரும்பினால் முதல் வழியே பொருந்தும். ஆர்.சி. புத்தகத்தில் வண்ணம் என்னும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆய்வாளர் அதையும் வண்டியையும் மாறி மாறிப் பார்ப்பார்.

நாற்பத்தெட்டில் ஒன்று, திருச்சி:

நானும் மாதிரி கட்டுபவன்தான்; ஆகையால் உங்கள் உவமையிலேயே ஒரு குறையைச் சுட்டிக்காட்டுகிறேன். மிக்கிற்கு நாம் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது ஏன்? அதனுடன் நாம் வாழவில்லை. யாரோ எடுத்த ஒளிப்படம் ஒன்றே நமக்குக் கிடைத்திருக்கிறது. அது ஒரு நாளைத்தான் காட்டுகிறது. உங்களிடம் இருப்பதோ முழு வண்டி, அதன் எல்லா நாள்களோடும் சேர்ந்து. அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேய்த்து எறிய வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு ஏது?

நீலத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. ஏர்பிக்ஸ் நிறுவனம் 1/32 அளவில், உங்கள் காரின் பிரிட்டிஷ் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டின் கிட் ஒன்றை வெளியிட்டது. பழைய கிட்களை விற்பவர்களிடம் தேடினால் அகப்படும். பெயர்ப் பட்டையை மாற்றிவிட்டால் பெருமளவுக்கு உங்கள் அப்பாவின் கார்தான். 3.89 மீட்டர் நீளமுள்ள கார் அந்த அளவில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரும். ஆனால் காரில் கிடைக்கும் நீலத்தை அப்படியே கலந்து அடித்துவிடாதீர்கள். சிறிய பரப்பில் அதே வண்ணம் அடர்ந்து தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சில சொட்டு வெள்ளை சேர்த்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

ஏர்பிரஷ் கை காருக்கு உதவுமா என்றால், பாதி உதவும். படலம் எப்போது ஈரமாக விழுகிறது, எப்போது தூளாக விழுகிறது என்று பார்க்கத் தெரிந்த கண் இரண்டுக்கும் ஒன்றுதான். 0.3 மில்லிமீட்டர் நாசிலில் பழகிய வேகம் மட்டும் உதவாது. கார்க் கதவு ஒன்றை ஓரத்திலிருந்து ஓரம் வரை நிற்காமல் அடிக்க வேண்டும், நடுவில் யோசித்தால் வழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். அடைமழை நாளில் லாக்கர் வண்ணம் அடித்து, காலையில் எழுந்து பார்த்தால் என் கருப்பு ஹண்டர் விமான மாதிரி சாம்பல் பூத்த கத்திரிக்காய்போல நின்றது.

பட்டியும் பிரைமரும், பெருங்களத்தூர்:

முப்பத்திரண்டு ஆண்டுகள் டிங்கரிங்கும் பெயின்டிங்கும் செய்து ஓய்வு பெற்றவன். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் உங்கள் கார் பிறந்தது. வண்டலூர்த் தொழிற்சாலைப் பணியாளர்கள் பலர் எங்கள் பட்டறைக்கு வருவதுண்டு.

எல்லோரும் 'அப்பா பூசிய வண்ணம்' என்கிறீர்கள். அந்த வெண்ணெய் நிறத்தை முழுவதும் சுரண்டிவிட்டு, அதே வெண்ணெய் நிறத்தைப் புதிதாக அடித்தால், அது அப்பா பூசிய வண்ணம் அன்று. நீங்கள் பூசிய வண்ணம். நீலம் அடித்தாலும் அதே கதைதான், அது தொழிற்சாலை பூசிய நீலம் ஆகாது. ஆகவே எந்த நிறம் என்று கேட்பதற்கு முன்பு, இருக்கும் படலத்தில் எவ்வளவைக் காப்பாற்ற முடியும் என்று கேளுங்கள்.

அதை அறிவது எளிது. கண்ணில் படாத ஓரிடத்தில், டிக்கியின் உள்விளிம்பில் வைத்துக்கொள்வோம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு 800 வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுச் சுழற்றித் தேயுங்கள். மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காகத் தெரியும்: வெண்ணெய், சாம்பல் பிரைமர், நீலம், அதற்கடியில் முதல் பிரைமர், பிறகு தகடு. வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் படலம் நன்றாக இருக்கிறது என்று பொருள். காம்பவுண்டு (மெருகேற்றும் பசை) போட்டுத் தேய்த்தாலே மினுக்கு வந்துவிடும். வெண்ணெய் நிறம் செதிலாக உரிந்தால் வேறு வழியில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். அசல் நீலத்தை வெயில் படாத நிலையில் பார்க்க வேண்டுமானால் கதவின் உள் அட்டையைக் கழற்றுங்கள். ஆணி போலக் குத்தியிருக்கும் கிளிப்புகளை நெம்பும்போது அட்டை ஊறியிருந்தால் கிழிந்துவிடும். அகன்ற பட்டித் தகட்டை நுழைத்து, கிளிப்புக்கு நெருக்கமாக நெம்ப வேண்டும்.

இன்னொன்று. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ்; பாடி அதன்மேல் போல்ட்டால் முடுக்கப்பட்டது. பக்கவாட்டில் நீளும் சேசிஸ் கைகள்தாம் முதலில் துருப்பிடிக்கும். வெளியே கண்ணாடிபோல இருக்கும் கார்களில்கூட அங்கே திருப்புளியால் குத்தினால் உள்ளே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். குத்திப் பாருங்கள், வலிக்காது.

ஒட்டுப்பசை, கோயம்புத்தூர்:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், அனைவருக்கும் நன்றி.

பெருங்களத்தூர் ஐயா சொன்னபடி வலது கதவின் அட்டையைக் கழற்றினேன். நான்கு கிளிப்புகள் முறிந்தன, அட்டை பிழைத்தது. உள்ளே நீலம், அம்மா சொன்ன அதே வெளிர்நீலம், நேற்று அடித்ததுபோல இருந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைத்தான் நான் சொன்னேன், நீ நம்பவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டிக்கியின் உள்விளிம்பைத் தேய்ப்பதற்காக டார்ச் அடித்துப் பார்த்தபோது, அங்கே வெண்ணெய் நிறம் ஸ்பிரே துப்பாக்கியால் அடித்ததாகத் தெரியவில்லை. பிரஷ் இழுத்த கோடுகள் இருந்தன. ஓரிடத்தில் பிரஷின் மயிர் ஒன்று வண்ணத்துக்குள் புதைந்து கிடந்தது. வெளிப்புறத்தைப் பட்டறையில் அடித்துவிட்டு, உட்புறத்துக்கு மிச்ச வண்ணத்தை வாங்கிவந்து தந்தையார் தம் கையாலேயே பூசியிருக்கிறார் என்று நினைக்கிறேன். காசைச் சேமிப்பதற்கு அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். தேய்ப்பதை அங்கே செய்யாமல் ஸ்பேர் டயருக்கு அடியில் செய்தேன். வளையங்கள் ஒட்டியே இருக்கின்றன.

ஆகவே வெளியே வெண்ணெய் நிறம் அப்படியே இருக்கும். காம்பவுண்டு மட்டும் போடுவேன். கதவுக்குள் இருக்கும் நீலத்தின் மேல் மெழுகு தடவி அட்டையை மூடிவிட்டேன். 1/32 ஹெரால்டு கிட் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீலத்துக்குக் கலவை தயாராகவே இருக்கிறது. அம்மாவின் வெள்ளிக்கிழமைகளுக்காக விண்டேஜ் பிரிவு வேண்டாம் என்றும் முடிவு செய்தாயிற்று. சேசிஸ் கைகளைக் குத்திப் பார்த்ததில் இடப்பக்கம் பின்னால் ஒன்று உள்ளே போயிற்று, மற்றவை தாங்கின.

மதுரை நண்பருக்கு ஒரு கேள்வி. ட்ரன்னியன்களைக் கழற்றிப் பார்த்தேன். இடப்பக்கம் கறுத்த எண்ணெய் வந்தது, மரை சுத்தமாக இருக்கிறது. வலப்பக்கம் மஞ்சள் மெழுகாக இறுகிய கிரீஸும், அதற்கடியில் ஒரு தேக்கரண்டி அளவுக்குத் துருத்தூளும் கொட்டின. மரையின் கடைசி இரண்டு சுற்றுகள் அரித்துப் போயிருக்கின்றன. அந்த வெர்ட்டிக்கல் லிங்கை மாற்றாமல் காரைக் கொட்டகையை விட்டு நகர்த்தப் போவதில்லை. உங்களுடையது முறிந்தபோது மாற்று எங்கே வாங்கினீர்கள், லேத்தில் கடைந்ததா, பழைய காரிலிருந்து எடுத்ததா?