மெரினா உணவுத் திருவிழாவில் குடும்பத்துடன் ஒரு நாள்

சென்னை மெரினா கடற்கரையில் 2024 டிசம்பர் 20 முதல் 24 வரை மகளிர் சுய உதவிக் குழுவினரின் உணவுத் திருவிழா நடந்தது. விடுமுறை நாளாகப் பார்த்து என் அம்மா, கணவர், மகள் ஆகியோருடன் அங்கே சென்றிருந்தேன். உணவுத் திருவிழா என்றதும் எல்லா ஊரிலும் கிடைக்கும் பிரியாணியும் பரோட்டாவும் வரிசையாக இருக்கும் என்றே பலரும் நினைப்பார்கள். இங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதற்கே உரிய உணவைத் தந்திருந்தார்கள். அதையும் அந்த மாவட்டத்துப் பெண்களே சமைத்துப் பரிமாறினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த விழாவின் உயிர் அதில்தான் இருந்தது.

வயிறு எல்லாவற்றுக்கும் இடம் தராது என்பதால், ஒரு கடையில் ஒரு தட்டு மட்டும் வாங்கி நால்வரும் பகிர்ந்துகொள்வது என்று முடிவு செய்தோம். அப்படிச் சுவைத்ததால் ஒன்று தெளிவாகப் புரிந்தது. சிவகங்கையின் மட்டன் உப்புக்கறி, நாமக்கல்லின் பள்ளிபாளையம் சிக்கன், ஈரோட்டின் சிந்தாமணி சிக்கன் ஆகிய மூன்றுக்கும் அடிப்படை காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும்தான். மசாலாப் பொடியின் ஆதிக்கம் எதிலும் இல்லை. ஆனாலும் பள்ளிபாளையம் சிக்கனில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் கடிபட்டு இனிப்பைத் தருகிறது. உப்புக்கறியிலோ பூண்டும் நல்லெண்ணெயும் கறியோடு சேர்ந்து சுருளச் சுருள வதங்கி, தயிர்ச் சோற்றுக்கு ஏங்க வைக்கின்றன. தனித்தனி நாட்களில் உண்டிருந்தால் இந்த வேறுபாடு என் நாக்குக்குப் பிடிபட்டிருக்காது.

மகளை விருதுநகர் கடையிலிருந்து நகர்த்தவே முடியவில்லை. நீண்ட பிடியுள்ள குழிக்கரண்டியில் எண்ணெய் காய்ந்ததும், வெங்காயமும் மிளகும் சேர்த்து அடித்த முட்டையை ஊற்றுகிறார்கள். அது விளிம்பைத் தாண்டி உப்பி எழும்போது லாகவமாகத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் இலையில் கவிழ்க்கிறார்கள். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருந்த அந்தக் கரண்டி ஆம்லெட்டை அவள் யாருக்கும் பங்கு தராமல் தானே தின்று முடித்தாள். நீலகிரிக் கடையின் ராகிக் களியும் அவரைக் குழம்பும் அவளுக்குப் பிடிக்கவில்லை. என் கணவர் அதற்காகவே மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.

எங்கள் அம்மாவின் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாக 1989இல் அந்த மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டன. ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அங்கே பிறந்த முயற்சி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அம்மாவும் ஒரு குழுவில் இருந்தவர் என்பதால், ரவையில் செய்து பொரிக்கும் பலகாரமான ரவா கஜூர் விற்ற தருமபுரிக் கடையைக் கண்டதும் அவர் முகமே மாறிவிட்டது.

“ஏம்மா, நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“பென்னாகரம் பக்கம்மா. நீங்களும் நம்ம ஊரா?” என்றார் கடையிலிருந்த பெண்.

அதன்பின் இருவரும் வாராந்திரச் சேமிப்பு, வங்கிக் கடன், கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்த கதை என்று பேசிக்கொண்டே போனார்கள். ரவையைப் பிசைந்து நன்றாக ஊறவிட்டால்தான் கஜூர் உள்ளே கல்லாகாமல் பொரபொரவென்று உதிரும் என்ற பக்குவத்தையும் அந்தப் பெண் சொல்லித் தந்தார். சமைத்தவரையே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்த வாய்ப்பு உணவகங்களில் நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. இதுபோன்ற விழாக்களுக்குச் செல்பவர்கள், கூட்டம் சேரும் மாலைக்கு முன்பே போய்விட்டால் இப்படி நின்று பேசவும் நேரம் இருக்கும். முதியவர்களுக்கும் மணலில் நடப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது.

புதுக்கோட்டைக் கடையில் சுக்குமல்லிக் காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அடுத்த ஞாயிறன்று அம்மா வீட்டிலேயே பள்ளிபாளையம் சிக்கன் செய்தார். மிளகாயைக் கிள்ளி, விதையை உதறிவிட்டுப் போட்டதால் மகளும் காரம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.