மொரிஸ் மைனர் ரேடியேட்டர் கசிவு: தற்காலிகமாக அடைக்க வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் கார் தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் கசிகிறது. பற்றவைக்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஹோஸ் வெடித்தால் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவேன். பெற்றோல் தாங்கி கசிந்தால் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்புவேன். பெற்றோலில் அது கரையாது. ரேடியேட்டர்தான் கவலை. முட்டை வெள்ளைக்கரு ஊற்றச் சொல்கிறார்கள். அது மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும், அந்த வேலையே வேண்டாம். மஞ்சள்தூள் போட்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு போட்டீர்கள்? பிறகு கழுவியபோது முழுவதும் வெளியேறியதா?

இன்னொன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினால் அழுத்தம் குறைந்து கசிவும் குறையும். ஆனால் நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரம். அழுத்தம் இல்லாத தண்ணீர் அங்கே 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். நானுஓயா ஏற்றத்தை அப்படி ஓட்டிக் கடந்தவர்கள், எங்கெங்கே நிறுத்தி ஆறவிட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.