'ஃபாஸ்ட்' அட்ஜெக்டிவா, அட்வெர்பா? மகனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஈசூன் அம்மா:
வணக்கம். மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். நான் புதுக்கோட்டைப் பக்கம் தமிழ்வழியில் படித்தவள், சிங்கப்பூர் வந்து 11 வருடம் ஆகிறது. போன வாரப் பயிற்சித்தாளில் கோடிட்ட சொற்களின் வகையை எழுதச் சொல்லியிருந்தார்கள். 'ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் 'ஃபாஸ்ட்' அட்ஜெக்டிவ் (பெயரடை) என்று நான்தான் சொன்னேன். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்து வந்துவிட்டது. 'எல்ஒய்' என்ற எழுத்துகளில் முடிந்தால்தானே அட்வெர்ப் (வினையடை)? அவன் முகம் வாடியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. துணைப்பாட வகுப்புக்கு (டியூஷனுக்கு) அனுப்பாமல் நானே சொல்லிக் கொடுக்க வழி உண்டா?

தேக்கா வாத்தியார்:
உண்டும்மா. 26 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். சொல்லைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு வகை கேட்டால் விடை கிடைக்காது. நம் 'படி' பெயரா, வினையா? 'படியில் ஏறு' என்றால் பெயர், 'பாடத்தைப் படி' என்றால் வினை. அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை பார்க்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

உங்கள் தமிழே இதற்குக் கைகொடுக்கும். மகனை வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'எ ஃபாஸ்ட் டிரெயின்', வேகமான ரயில். 'ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்', வேகமாக ஓடுகிறான். 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் பெரும்பாலும் அட்வெர்ப். 'எல்ஒய்' வாலை நம்பாதீர்கள். 'ஃப்ரெண்ட்லி' என்பது அட்ஜெக்டிவ்: நட்பான நாய். 'ஹார்ட்' என்பதே அட்வெர்பாகவும் வரும், கடுமையாக உழைத்தான் என்பது போல. அதில் 'எல்ஒய்' ஒட்டி 'ஹார்ட்லி' என்றால் அநேகமாக உழைக்கவே இல்லை என்று பொருள் தலைகீழாகிவிடும்.

'ஆஃப்டர்' பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும். அதற்கும் இதே வழிதான். 'ஆஃப்டர் லஞ்ச்', சாப்பாட்டுக்குப் பிறகு: பின்னால் வருவது வெறும் பெயர், ஆகவே ப்ரிபொசிஷன். 'ஆஃப்டர் ஹீ ஏட்', அவன் சாப்பிட்ட பிறகு: பின்னால் ஒரு முழு வாக்கியமே நிற்கிறது, ஆகவே கன்ஜங்ஷன்.

பொங்கோல் அப்பா:
சார் சொன்னது அருமை. ஆனால் 'ஆக' என்பதில் என் மகள் ஒருமுறை மாட்டிக்கொண்டாள். 'ஷீ லுக்ஸ் ஹேப்பி' என்பதைத் தமிழில் 'மகிழ்ச்சியாக இருக்கிறாள்' என்போம். 'ஆக' வந்துவிட்டது, ஆனால் 'ஹேப்பி' அட்ஜெக்டிவ்தான். லுக், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் மாதிரி வினைகள் வந்தால் அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்வேன். 'ஷீ இஸ் ஹேப்பி' பொருந்துகிறதா? அப்படியென்றால் அட்ஜெக்டிவ். 'த சூப் ஸ்மெல்ஸ் குட்' என்பதும் அப்படித்தான். தமிழில் நன்றாக மணக்கிறது என்றாலும் ஆங்கிலத்தில் 'வெல்' எழுதக் கூடாது.

தேக்கா வாத்தியார்:
சரியாகச் சொன்னீர்கள், நான் விட்டுவிட்டேன். அதனால்தான் பெரும்பாலும் என்றேன்.

ஈசூன் அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. இன்றைக்கு எம்ஆர்டி ரயிலில் 'மைண்ட் த பிளாட்ஃபார்ம் கேப்' என்று அறிவிப்பு வந்தபோது கேட்டுப் பார்த்தேன். 'மைண்ட்' என்றால் மனசு, நவுன் என்றான். தமிழில் சொல்லு என்றேன். 'இடைவெளியைக் கவனி' என்று சொன்னவன், அப்புறம் அவனே வெர்ப் என்று கத்திவிட்டான்! ஆனால் 'பிளாட்ஃபார்ம்' என்ன வகை என்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை.

தேக்கா வாத்தியார்:
கெட்டிக்காரப் பிள்ளை. அது நவுன்தான், இன்னொரு நவுனுக்கு முன்னால் நின்று எந்த இடைவெளி என்று காட்டுகிறது. நாம் 'பள்ளிப் பேருந்து' என்கிறோமே, அது மாதிரி. சந்தேகம் வந்தால் முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி ஃபாஸ்ட் டிரெயின்' நிற்கும், 'வெரி பிளாட்ஃபார்ம் கேப்' நிற்காது. சில பயிற்சி நூல்களில் இதை அட்ஜெக்டிவ் என்றே போட்டிருப்பார்கள். ஆகவே பரீட்சைக்கு முன் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.