ஸ்ரீஜேஷ் பெயரில் பள்ளிக்கு ஒரு கோல்கீப்பர் கிட்: எதை முதலில் வாங்குவது?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரில் ஒரு அரசுப் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஹாக்கி கோல்கீப்பர் கிட் வாங்கித் தரப்போகிறோம். இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் பெயரைச் சொல்லித்தான் பணம் திரட்டுகிறோம். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகள், மண் தரை. முழு செட்டுக்கான பணம் ஒரே தடவையில் சேராது. எதில் ஆரம்பிக்கலாம்? இப்போதைக்குக் காலில் கிரிக்கெட் பேட் (pad) கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதுவே போதுமா?

கெடிலக்கரை:
போதாது சார். கிரிக்கெட் பேடில் பட்ட பந்து செத்துக் காலடியிலேயே விழும், எதிரணி ஃபார்வர்டு வந்து தட்டிவிடுவான். ஹாக்கி பேடின் கெட்டி ஃபோம் பந்தைத் தூரமாகத் தள்ளும். அதோடு கிரிக்கெட் பேடில் பாதத்துக்குக் காப்பே கிடையாது. 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கெட்டிப் பந்து, விரல் எலும்பு போய்விடும்.

விதிப்படி முழு உடையில் நிற்பவருக்கு ஹெல்மெட், கால் பேட், கிக்கர் என்கிற பாதக் காப்பு மூன்றும் கட்டாயம். இவற்றோடு தொண்டைக் காப்பு, மார்புக் காப்பு, இடுப்புக்குக் கீழே போடும் கார்டு வரை முதல் தவணையிலேயே வாங்குங்கள். மண் தரையில் கல் தட்டினால் தரையோடு வரும் பந்தே கழுத்துக்கு எழும்பும். கை பேடுகள் வருவதற்குள் மேலே பந்தை அடிக்கவிடாதீர்கள். கோல்கீப்பருக்கான தனி ஸ்டிக்கும் ஜெர்சியும் கடைசியில் வரட்டும். அதுவரை இரண்டு அணி நிறத்திலும் சேராத ஒரே நிறச் சட்டை போதும்.

ஸ்ரீஜேஷின் அப்பா மாட்டை விற்றுத்தான் மகனுக்கு கிட் வாங்கிக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் கிட்டை ஒரு பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்காமல் பள்ளி இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பரிசாகப் போனது அவன் பள்ளி மாறினால் அவனோடு போய்விடும்.

உப்பளம்16:
அளவு முக்கியம். பேடைக் கட்டி முட்டியை மடக்கிப் பார்க்க வேண்டும். முட்டி வளையும் இடமும் பேட் வளையும் இடமும் ஒன்றாக இருக்கணும். "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிய சைஸ் எடுத்தால் பேட் காலில் சுழலும், ஓடும்போது தடுக்கும்.

நம்ம கடலோர ஈரக்காற்றில் பையில் மூடி வைத்த கிட் பூஞ்சணம் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டால் ஃபோம் வடிவம் மாறிவிடும், தகரக் கொட்டகையும் வேண்டாம். கிக்கரின் அடி வாரைச் சரளை அறுத்துவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வார்மேல் சுற்றினால் டியூப்தான் தேயும். இரும்பு பக்கிள் துருப்பிடித்தால் பை தைப்பவரிடம் கொடுத்து பிளாஸ்டிக் பக்கிளாக மாற்றிக்கொள்ளலாம்.

மஞ்சக்குப்பத்தான்:
நன்றி. கோல்கீப்பிங் தெரிந்த பயிற்சியாளர் இல்லை. பி.இ.டி. சார் என்ன சொல்லித்தரலாம்?

கெடிலக்கரை:
முதலில் நிற்கும் இடம். கோல் அகலம் 3.66 மீட்டர். இரண்டு கம்பங்களிலும் கயிறு கட்டி, நேரெதிரே 10 மீட்டரில் பந்து வைத்த இடத்தில் இரண்டு முனைகளையும் சேர்த்துவிடுங்கள். கோட்டிலிருந்து 1 மீட்டர் முன்னே நின்றால் காக்க வேண்டிய அகலம் சுமார் 3.3 மீட்டர், 2.5 மீட்டர் முன்னே வந்தால் 2.75தான். கயிற்றைப் பார்த்தாலே பிள்ளைக்குப் புரிந்துவிடும். பிறகு வரும் பந்தை உள்பாதத்தால் பக்கக் கோட்டுப் பக்கம் தள்ளப் பழக்குங்கள். நேரே திருப்பினால் அடித்தவனுக்கே போகும். பெனால்டி கார்னருக்குக் குறுக்கே படுத்துத் தடுப்பதை மண் தரையில் சொல்லித்தராதீர்கள், இடுப்பும் முழங்கையும் உரிந்துவிடும். அது டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல் தரைக்கு உரியது.

உப்பளம்16:
பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட இரண்டு ஆட்டம்: பாரிஸ் 2024 காலிறுதியில் பத்து பேரோடு பிரிட்டனைத் தாக்குப்பிடித்து ஷூட் அவுட்டில் வென்றது ஒன்று. 2025 ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதி இன்னொன்று, சென்னையில் பெல்ஜியத்தோடு. அதுவும் ஷூட் அவுட்தான், அப்போது ஸ்ரீஜேஷ் பயிற்சியாளர். சீனியர் அணியில் அவர் போட்ட 16ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஜூனியருக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் பையன் தாராளமாகப் போடலாம்.

மீதிப் பணத்துக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலும் கேட்டுப் பாருங்கள், விளையாட்டு உபகரணங்களுக்கு உதவுகிறார்கள். அது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கான திட்டம். புதுச்சேரியின் பாகூர் பக்கமிருந்து வந்து ஆடும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரை அந்த விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள்.