ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: சாப்பாடு, சரக்கு (மது) வைக்க மர பேரலா கல் பானையா?

சுரங்கப்பயல்:
வணக்கம் மக்களே, ட்வார்ஃப்ங்கள (குள்ளர்கள) வச்சு நிலத்தடி கோட்டை நடத்துற ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் கேம்ல, ஸ்டீம்ல 2022 டிசம்பர்ல வந்த வெர்ஷன்தான் ஆடிட்டு இருக்கேன். ஸ்டில்ல (மது காய்ச்சுற பட்டறை) பானம் காய்ச்ச ஆர்டர் போட்டா காலி பேரல் இல்லன்னு கேன்சல் ஆயிட்டே இருக்கு. மேப்ல மரம் ரொம்ப கம்மி, இருக்குறத பெட்டுக்கும் கரிக்கும் வச்சிருக்கேன். கல்லு மட்டும் தோண்டத் தோண்ட குவியுது. ப்ளம்ப் ஹெல்மெட் (மது காய்ச்சுற காளான்) நிறைய இருக்கு ஆனா சரக்கு தீரப்போகுது, அது தீர்ந்தா ட்வார்ஃப்ங்க வேலை எல்லாம் மந்தமாயிடும். பேரலுக்கு பதிலா எதுல வைக்கலாம்? மெட்டல்ல பண்ணிடலாமா?

கல்தச்சன்:
கல் பானை பண்ணுங்க ப்ரோ, வேற யோசிக்கவே வேணாம். கிராஃப்ட்ஸ்ட்வார்ஃப் ஒர்க்‌ஷாப்ல ராக் பாட்னு இருக்கும், ஒரு கல்லுக்கு ஒரு பானை, பேரல் பண்ற எல்லா வேலையும் அது பண்ணும், ஸ்டில்லும் காலி பானைய அப்படியே எடுத்துக்கும். மெட்டல் பேரல் பக்கம் போகாதீங்க, மேக்மா (எரிமலைக் குழம்பு, அது இருந்தா எரிபொருள் வேணாம்) கிடைக்காத வரைக்கும் உருக்கவும் கரி வேணும், கரிக்கு மறுபடி மரம், அப்புறம் ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் என்ன பண்ணுவீங்க. பெட்டு மரத்துல மட்டும்தான் செய்ய முடியும், அதனால மரத்த அதுக்குன்னே ஒதுக்கிடுங்க. இன்னொரு லாபம், மரம் வெட்டுனா பிடிக்காத எல்ஃப்ங்களோட காரவன் (வியாபாரக் கூட்டம்) வரும்போது மர பேரல்ல வச்சு எதையாவது கொடுத்தா கோவிச்சுக்குவாங்க, கல் பானைல அந்த தொல்லையே கிடையாது.

மேனேஜர் (வேலை ஆர்டர பாத்துக்குற ட்வார்ஃப்) இருந்தா ஒர்க் ஆர்டர்ல கண்டிஷன் போட்டு விடுங்க: காலியா இருக்குற ஃபுட் ஸ்டோரேஜ் ஐட்டம் 10க்கு கீழ போனா பானை செய். இந்த கணக்குல பேரலும் பானையும் ரெண்டுமே சேரும், அதனால தனித்தனியா எண்ண வேண்டியதில்ல.

கூன்காளான்:
மேல சொன்னது சரிதான், ஆனா பானை பண்ணிட்டே இருந்தா மட்டும் இது தீராது நண்பா, பேரல் எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க. பானத்துக்கு பாத்திரம் கட்டாயம், செடிக்கும் இறைச்சிக்கும் சமைச்ச சாப்பாட்டுக்கும் கட்டாயம் இல்ல, ஸ்டாக்பைல்ல (பொருள் சேத்து வைக்கிற இடம்) தரையில கிடந்தாலும் அழுகாது, இடம்தான் கொஞ்சம் கூட வேணும், இடம் வேணும்னா இன்னும் ரெண்டு ரூம் தோண்டிக்கலாம். நீங்க ஒரே பெரிய ஃபுட் ஸ்டாக்பைல் வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அது காலி பேரல் ஒவ்வொன்னா இழுத்துட்டுப் போய் செடியப் போட்டு நிரப்பிடும், ஸ்டில்லுக்கு ஒன்னும் மிஞ்சாது. பானத்துக்கு தனி ஸ்டாக்பைல் போடுங்க, மத்ததுல மேக்ஸ் பேரல் எண்ணிக்கைய நல்லா குறைச்சு வைங்க, இந்த செட்டிங் பானைக்கும் சேர்த்துதான்.

அப்புறம் செடி ஸ்டாக் சைஸ், அதாவது ஒரு கொத்துல எத்தன செடி சேந்து இருக்குங்கறது. ஒரு தடவை காய்ச்சுனா ஒரு செடிக்கு 5 பானம், ஒரே ஒரு ப்ளம்ப் ஹெல்மெட் இருக்குற ஸ்டாக்க காய்ச்சுனா அந்த 5 பானமே ஒரு முழு பேரலப் பிடிச்சுக்கும், அதுல வேற பானம் சேராது. அதே 5 செடி ஸ்டாக்னா 25 வரும், பேரல் ஒன்னுதான். அதனால நடவுக்கு ஒன்னு ரெண்டு பேர மட்டும் விட்டு அவங்க ஸ்கில்ல ஏத்துங்க, ஸ்கில் ஏறினா ஸ்டாக் பெருசாகும், பேரல் தட்டுப்பாட்டுல பாதி அங்கயே கரைஞ்சிடும். இத யாரும் சொல்றதில்ல ஆனா எனக்கு இதுதான் முக்கியமா படுது.

சுரங்கப்பயல்:
ஆமா ஒரே ஸ்டாக்பைல்தான், இப்பவே பிரிக்கிறேன். விதையும் அதுலதான் கிடக்கு, விதை இல்லன்னு நடவும் அடிக்கடி கேன்சல் ஆகுது, பாத்தா விதை இருக்கு. அதுவும் இதனாலதானா? இன்னொன்னு, மேல் அடுக்குல களிமண் இருக்கு, அதுல பானை பண்ணலாமா?

கூன்காளான்:
அதேதான். விதை பைக்குள்ள போகும், பை பேரலுக்குள்ள போகும், புது விதை ஒன்னு வந்தா அத வைக்க ஒருத்தன் அந்த பேரலயே தூக்கிட்டுக் கிளம்பிடுவான், அவன் திரும்ப வைக்கிற வரைக்கும் உள்ள இருக்குற விதை எதையும் யாரும் தொட முடியாது. விதைக்கு தனி ஸ்டாக்பைல் போட்டு வயல் பக்கத்துல வைங்க, மேக்ஸ் பேரல் 0. பெரிய ஸ்டாக்பைல்ல விதைய ஆஃப் பண்ண மறக்காதீங்க. ப்ளம்ப் ஹெல்மெட்ட சமைக்கவும் விடாதீங்க, காய்ச்சுனா விதை திரும்ப கிடைக்கும், சமைச்சா கிடைக்காது.

சூளைக்காரி:
களிமண் பத்தி நான் சொல்றேன். சாதா களிமண்ணுல வர்ற எர்த்தன்வேர் பானைல திடப்பொருள் வைக்கலாம், திரவம் நிக்காது, கிளேஸ் (திரவம் கசியாம இருக்க மேல்பூச்சு) பூசுனாதான் பானத்துக்கு ஆகும். சூளைல ஒரு தடவை சுட எரிபொருள், கிளேஸ் பூசி சுட மறுபடி எரிபொருள், கிளேஸுக்கு சாம்பலோ கேசிட்டரைட்டோ (தகரத் தாது) வேற வேணும், சாம்பல்னா அதுவும் மரம்தான். உங்க மேப்புக்கு இது கட்டுப்படியாகாது. ஃபயர் க்ளே கிடைச்சா ஸ்டோன்வேர் வரும், அதுக்கு கிளேஸ் தேவையில்ல, ஆனாலும் சூளை எரியணுமே. மேக்மா கிடைச்சப்புறம் மேக்மா கில்ன் (மேக்மால எரியுற சூளை) கட்டிட்டு ஆசை தீர பண்ணுங்க.

கல் பானைல ஒரே குறை கனம், மர பேரல விட தூக்க நேரமாகும். ஸ்டில்லையும் பான ஸ்டாக்பைலையும் டைனிங் ஹால் பக்கத்துலயே ஒட்டி வச்சிட்டா தூரம் குறைஞ்சிடும், அந்த கனம் பெருசா தெரியாது.

சுரங்கப்பயல்:
பானை ஆர்டர் போட்டாச்சு, ஸ்டாக்பைல மூணா பிரிச்சாச்சு, ஸ்டில் ஓட ஆரம்பிச்சிடுச்சு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.