தாழையூத்துப் பக்கத்துக் கல்: டோலமைட்டா, சுண்ணாம்பா?

அண்ணாச்சிமாரே, பாறை பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். திருநெல்வேலி தாழையூத்துப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது வந்த வெள்ளைக் கல், கற்கண்டு மாதிரி மினுங்குகிறது, நடுநடுவே பச்சைப் பொட்டுகள். நம் பகுதிச் சுண்ணாம்புக்கல் பழைய படிவுப் பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் படிகமானது, அது தெரியும்.

கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்) என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதுமே பொங்கும். டோலமைட் (மக்னீசியமும் கலந்த கார்பனேட் கனிமம்) சும்மா கிடக்கும், பொடித்தால்தான் நுரைக்கும். இந்தக் கல்லோ ஒரு பக்கம் பொங்குகிறது, மறுபக்கம் அசையவே இல்லை. ரெண்டும் கலந்திருக்குமோ? டோலமைட்டும் சிலிக்காவும் சேர்ந்து வெந்தால் டயாப்சைடு என்ற பச்சைக் கனிமம் உண்டாகுமே, அந்தப் பச்சை அதுதானா, இல்லை செர்பன்டைன் என்ற இன்னொரு பச்சைக் கனிமமா, வெறும் கண்ணால் எப்படிப் பிரிப்பது?

சுத்த டோலமைட்டில் மக்னீசியம் ஆக்சைடு சுமார் 22 சதவீதம், அவ்வளவு இருந்தால் சிமென்ட்டுக்கு ஆகாது (விற்கிற எண்ணம் இல்லை, ஆர்வம்தான்). அலிசரின் ரெட் சாயம் கால்சைட்டை மட்டும் சிவப்பாக்கும் என்கிறார்கள். அந்தச் சோதனையை இங்கே யார் செய்து தருவார்கள்? தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி நிலவியல் துறையில் வெளியாட்கள் கொண்டுபோனால் பார்ப்பார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். படம் கீழே.