அகதிகளுக்காகச் செபிச்ச இரவுகள்: வன்னியில கண்டதை எழுதுங்கோ (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபெயர்)

முள்ளியவளையான்

தோணி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2024 டிசம்பர் 19, முள்ளிவாய்க்கால் கரை, மியன்மாரில இருந்து தப்பின நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா ஆக்கள், கனபேர் குழந்தையள். கரைச்சனம் சாப்பாட்டோட ஓடினது. பிறகு திருகோணமலை, அங்கயிருந்து திரும்பவும் முல்லைத்தீவு, கேப்பாப்பிலவு விமானப்படை முகாம். அதுக்குப் பிறகு இஞ்ச அங்க செபக்கூட்டங்கள் நடந்தது. அதில ஒண்டில கண்டது இன்னும் மனசை விட்டுப் போகேல்லை.

மைக்கில பெயர் வாசிச்சினம். முழுப்பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர். மே 18 நினைவுநாளில, 2009 போரில இறந்தவையின்ர பெயரை வாசிக்கிற பழக்கம் எங்கட சனத்துக்கு இருக்கிறதால ஒருத்தருக்கும் அது வித்தியாசமாப் படேல்லை. நாலாவது பெயரில ஒரு சிஸ்டர் எழும்பிப் போய் மைக்கைக் கையால பொத்தினா. ஒண்டும் கதைக்கேல்லை. கையை எடுக்கவும் இல்லை. முன்வரிசையில மூண்டு ஃபோன் நேரலையில ஓடிக்கொண்டிருந்தது.

அவ செய்தது முழுக்கச் சரி. செத்தவைக்குப் பெயர் வாசிக்கிறதும் உயிரோட தடுப்பில இருக்கிறவைக்கு வாசிக்கிறதும் ஒண்டில்லை. மியன்மாரின்ர ராக்கைனில மிச்சக் குடும்பம் இருக்கும். தோணிக்குக் காசு வாங்கின தரகனுக்கும் ஆள் எங்க நிக்குது எண்டு தெரிய வரும்.

பெயருக்குப் பதிலா ஒற்றை வசனத் துண்டுகள் எழுதுங்கோ. 'ஏழு வயதுப் பிள்ளை, தாயோட.' 'கடற்றொழிலாளி, கண் பார்வை குறைவு.' ஊர் வேண்டாம். பன்னிரண்டு துண்டுக்கு மேல போனால் சனம் கேக்கிறதை விட்டிடும். ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு கைமணி ஒருக்கா, பத்து விநாடி அமைதி. மூண்டு பேர் மாறி மாறி வாசிக்கவேணும், ஒரே குரல் எண்டால் பஸ் நிலைய அறிவித்தல் மாதிரிப் போயிடும். நேரலை கட்டாயம் வேணுமெண்டால் ஒரே ஒரு கமரா, அதுவும் பின்னுக்கு நிண்டு, முதுகும் விளக்கும் மட்டும் தெரியிற மாதிரி.

வட்டுவாகல் பாலத்தடி

பெயர் விசயம் சரி. விளக்கைப் பற்றி யாரும் எழுதேல்லை, அதையும் சொல்லவேணும்.

தை மாதம், கடற்கரையில இருந்து கூப்பிடு தூரத்தில ஒரு வளவு, இருநூறு மெழுகுதிரி. அமைதி தொடங்கி அரை நிமிசத்தில வாடைக்காத்து ஒருக்கா வீசினது, முழு வளவும் இருட்டு. ஆக்கள் நெருப்புப்பெட்டி தேடத் தொடங்க அமைதி அதோட முடிஞ்சுது. வற்றாப்பளை அம்மன் கோயிலில கடல்நீரில விளக்கெரியும் எண்டு நம்புற சனம் இது. இந்தச் சனத்துக்கு முன்னால விளக்கு அணையிறது சின்ன விசயமில்லை.

கடதாசிக் கோப்பை சுத்தினால் கோப்பை பத்தும். வெட்டின பிளாஸ்ரிக் போத்தல் உருகும். இஞ்ச சரிவாறது இரண்டுதான். ஒண்டு சிரட்டை. முக்கால்வாசிக்கு ஈரமணல் போட்டு, மெழுகுதிரியைப் பாதியா வெட்டிப் புதையுங்கோ. காய்ஞ்ச மணல் எண்டால் திரி சரியும், மெழுகு ஒருபக்கம் வழியும், கடைசியில சிரட்டையே எரியும். மற்றது சுட்டி, மண் அகல்விளக்கு. முதல்நாள் இரவே தண்ணியில ஊறப்போட்டுத் துடைச்சு வையுங்கோ, இல்லாட்டில் சுட்டியே எண்ணெயைக் குடிச்சிடும். ஒரு சுட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் காணும். திரி தடிப்பா இருக்கவேணும், வெளியில ஒரு நெல்லளவுதான் நீட்டவேணும். கூட நீட்டினால் புகைக்கும், காத்துக்கும் அணையும்.

வடகிழக்குப் பக்கம் தறப்பாள் கட்டுங்கோ, ஆனால் அங்கங்க வெட்டுப் போட்டுக் கட்டவேணும். முழுசாக் கட்டினால் காத்துப் பிடிச்சுத் தடியோட பிடுங்கும். நெருப்புக் குடுக்கேக்குள்ள எரியிற திரியைச் சரிக்கக்கூடாது, எரியாததைச் சரிச்சுக் கொளுத்தவேணும். இது தெரியாமல்தான் கை சுடுறது. சேலைத் தலைப்பைச் செருகச் சொல்லுங்கோ. இரண்டு வாளி தண்ணி கட்டாயம் வேணும்.

இன்னொண்டு. மாவீரர் நாள் வாற நவம்பர் கடைசியும் மே நடுப்பகுதியும் வேண்டாம், புலிகளின்ர நிறமான சிவப்பு மஞ்சள் துணியும் வேண்டாம். அந்த நாளில விளக்கு எரிஞ்சால் பொலிஸ் வேற கணக்குப் போடும், தோணிச்சனத்தின்ர விசயம் அதுக்குள்ள அமிழ்ந்து போகும். ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிசில எழுத்தில எடுங்கோ. இரவு பத்துக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குப் பொதுவா அனுமதி இல்லை. ஜெனரேட்டர் சத்தம் செபத்தைக் கெடுக்கும். 12 வோல்ட் பட்டரியில ஓடுற அம்ளிஃபயரும் இரண்டு ஹோர்னும் முந்நூறு பேருக்குப் போதும்.

நீராவிப்பிட்டி

வட்டுவாகல் அண்ணன், விளக்கு உங்களுக்கு முக்கியம், விளங்குது. ஆனால் அந்த விளக்கால்தான் ஒரு கூட்டத்தில் மனம் நொந்தது.

துஆ (இறைவேண்டல்) ஓத ஒரு மௌலவியை அழைத்திருந்தார்கள். அவர் எழும்பியதும் படம் எடுப்பதற்காக ஒருவர் ஓடிவந்து சுட்டியைக் கையில் வைத்துவிட்டார். சபையில் மறுத்தால் மரியாதையில்லை என்று அவர் இடக்கையில் அதைப் பிடித்துக்கொண்டு, வலக்கையை மட்டும் ஏந்தித் துஆ கேட்டார். இரண்டு கையும் ஏந்திக் கேட்கிற துஆ அது. தோணியில் வந்தவர்களும் முஸ்லிம்கள். அவர்களுக்காகக் கேட்டவரின் கைதான் பாதியில் நின்றது.

சர்வமதக் கூட்டம் என்றால் எல்லாரும் எல்லாம் செய்யவேண்டும் என்றில்லை. 1986 ஒக்டோபர் 27 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அசிசியில் கூட்டிய நாளிலும் ஒவ்வொரு சமயத்தவரும் தங்கள் முறையில்தான் பிரார்த்தித்தார்கள். அதே ஒழுங்கு நல்லது. தேவாரம் ஓதுபவர் ஓதட்டும், பாதர் செபிக்கட்டும், மௌலவி துஆ கேட்கட்டும். ஒருவர் செய்யும்போது மற்றவர்கள் அமைதியாக நின்றால் போதும்.

நேரத்தையும் பாருங்கள். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஜனவரியில் மஃரிப் (சூரியன் விழுந்ததும் தொழும் தொழுகை) அதற்குள் வந்துவிடும், முஸ்லிம்கள் பாதியில் எழும்பவேண்டி வரும். ஆறு நாற்பதுக்குத் தொடங்கி, மௌலவியை முதலாவதாக விட்டால் இஷா என்ற இரவுத் தொழுகைக்கு முன் அவர் புறப்படலாம். ஜூனில் சூரியன் ஆறரை அளவில்தான் விழும், அப்போது ஏழு மணி சரி.

கடைசியாக ஒன்று. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் போனார்கள். நாடில்லாதவர்களுக்காகப் பிரார்த்திக்கிற மைக்கில் அதற்கும் ஒரு வசனம் இருக்கவேண்டும். ஒரு வசனம் போதும்.

வட்டுவாகல் பாலத்தடி

கையில விளக்குக் குடுக்கிறது பிழைதான், மேசையில வைக்கலாம். ஆனால் 1990 ஐ எடுத்தால் பாதிச்சனம் எழும்பிப் போகும் தம்பி. கூட்டம் தோணிச்சனத்துக்கு.

முள்ளியவளையான்

போறவை போகட்டும் அண்ணை. அந்த ஒரு வசனம் இல்லாமல் பள்ளிவாசலில இருந்து ஆக்களைக் கூப்பிடுறது எப்படி? முதலாவது மன்றாட்டிலேயே சொல்லவேணும், கடைசியில ஒட்டக்கூடாது.

விசுவமடு 12

நீராவிப்பிட்டி சொன்னதோட இன்னொண்டும் சேர்க்கவேணும். ரோஹிங்கியாவின்ர குடியுரிமை போனது மியன்மாரின் 1982 சட்டத்தால. மலையகத்து இந்திய வம்சாவளித் தமிழரின்ர குடியுரிமை போனது இலங்கையின் 1948 சட்டத்தால. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எண்டு பிரிச்சினம், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு விட்டினம். 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டினவையில கனபேர் அந்தக் கணக்குக்குள்ள இருந்தவை. 2003 மட்டும் நாடில்லாமல் இருந்தவையும் இருக்கினம்.

ஒரு கூட்டத்தில இதைப் பாதர் விளக்கேக்குள்ள, பின்வரிசையில ஒரு அம்மாச்சி மடியை அவிழ்த்து, பொலித்தீனில சுத்தின குடியுரிமைச் சான்றிதழை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில வைச்சா. கூட்டம் முடியும் மட்டும் அதில ஒரு விரலை வைச்சபடியே இருந்தா. அந்தமாதிரி ஆக்களை முன்னுக்கு இருத்துங்கோ. பேச்சாளருக்கு அரை மணித்தியாலம் குடுக்கத் தேவையில்லை.

வவுனியா நீதிமன்ற வீதி

எல்லாரும் எப்படிச் செபிக்கிறது எண்டு எழுதுறியள். எங்க நிண்டு, என்னத்தைக் கேட்டுச் செபிக்கிறது எண்டதும் அவ்வளவு முக்கியம்.

2025 ஜூன் 20, உலக அகதிகள் நாள். அமெரிக்காவில வழக்குக்கு வந்த குடிவரவாளர்களை நீதிமன்ற ஒழுங்கையிலேயே அதிகாரிகள் பிடிச்சுக்கொண்டிருந்த காலம். சான் டியேகோ கத்தோலிக்க ஆயர் மைக்கல் பாம் வேற சமயத் தலைவர்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே போய் வழக்காளிகளோட நிண்டார். அவரும் சின்ன வயதில வியட்நாமில இருந்து தோணியில தப்பி வந்தவர்.

இஞ்சையும் அகதிகளின்ர வழக்குத் தவணை நாளில ஆக்கள் போய் நிக்கலாம். ஆறு பேர் போதும். திறந்த மன்றில பின்வாங்கில இருங்கோ, செபமாலையோ தஸ்பீஹோ கைக்குள்ள இருக்கட்டும், உதடு அசையத் தேவையில்லை. பதாகை, கோசம், ஃபோன் ஒண்டும் கூடாது. நீதிமன்ற அவமதிப்பு எண்டு வந்தால் உள்ளுக்கு நிக்கிறவைக்குத்தான் பாதிப்பு. அவை திரும்பிப் பாக்கேக்குள்ள தெரிஞ்ச முகம் ஒண்டு இருக்கவேணும். அதனால ஒவ்வொரு தவணைக்கும் அதே ஆக்களே போங்கோ.

மன்றாட்டுகளில 'ஆண்டவரே இவர்களை ஆசீர்வதியும்' எண்டதோட நிக்கவேண்டாம். இலங்கை 1951 அகதிகள் சமவாயத்தில சேரேல்லை, ஆனால் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில 1994 இல சேர்ந்தது. சித்திரவதை நடக்கக்கூடிய நாட்டுக்கு ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது எண்டு அதில கிடக்கு. அதனால முதல் மன்றாட்டு 'திருப்பி அனுப்பாதிருக்க' எண்டு இருக்கட்டும். இரண்டாவது ஐ.நா. அகதிகள் முகவரகத்தின்ர ஆக்கள் அவையைத் தடையில்லாமல் பாக்க. மூண்டாவது பிள்ளையளின்ர படிப்பு. நாலாவது மொழிபெயர்ப்பாளர். ரோஹிங்கியா மொழி சிட்டகொங் பேச்சுக்குக் கிட்ட. பர்மிய மொழிக்காரரைக் கொண்டுவந்தால் பாதி விளங்காது, மிச்சப் பாதியைச் சொல்ல அவை பயப்பிடுவினம். இப்படிக் கேட்டால் வந்திருக்கிற சனமும் விசயத்தைப் படிச்சுக்கொண்டு போகும். அடுத்தநாள் பிரதேச செயலகத்தில போய்க் கேக்கவும் அவைக்குத் தெரியும்.

முழு இரவு இருக்க யோசிக்கிறவை 2017 இல பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில ஒரு மாதமளவு இருந்து, விமானப்படை வைச்சிருந்த தங்கட காணியைத் திருப்பி எடுத்ததை அந்தப் பெண்களிட்டயே போய்க் கேளுங்கோ. கழிப்பிடமும் நுளம்பும்தான் முதல் கேள்வி, பாட்டுப் புத்தகம் பிறகு.

தண்ணீரூற்றுக் கிடாரம்

சாப்பாட்டை விட்டிட்டியள். கஞ்சிதான் நல்லது, மீன் இறைச்சி இல்லாதபடியால் ஆரும் குடிக்கலாம். முந்நூறு பேருக்குச் சிவப்பரிசி 6 கிலோ, தண்ணி 66 லீற்றர், உப்பு 400 கிராம். ஒரே கிடாரத்தில போட்டால் அடிப்பிடிக்கும், இரண்டாப் பிரியுங்கோ. தேங்காய்ப்பால் விடுறதெண்டால் இறக்கின பிறகு விடவேணும், கொதியில விட்டால் திரையும். 2009 இறுதிப்போரில சனம் குடிச்ச முள்ளிவாய்க்கால் கஞ்சி முறையெண்டால் பால் வேண்டாம், அரிசியும் உப்பும் மட்டும்.

கலியாண வீட்டு இறைச்சிக் கிடாரத்தை வாங்கவேண்டாம். பள்ளிவாசலில நோன்புக்கஞ்சிக் கிடாரம் இருக்கும், இறைச்சி போடாததோ எண்டு கேட்டு வாங்குங்கோ. சிரட்டையில கண்ணுள்ள பாதியை வட்டுவாகல் அண்ணையின்ர மெழுகுதிரிக்கு விடுங்கோ. கண்ணில்லாத பாதிதான் கஞ்சிக்கு. தும்பைச் சுரண்டி ஒருக்கா அவிச்சு எடுங்கோ, இல்லாட்டில் கஞ்சியில சாயம் இறங்கும்.